வாசலுக்கு அப்பால் பன்னிரண்டு வாரங்கள்

அன்பிற்குரிய பெற்றோரே, இவ்வாண்டு பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகளே,



டிசம்பரில் வி.சி.ஈ. பெறுபேறுகள் வெளியான நாள் முதல் ஸ்பிரிங்வேலிலும், அதனை அடுத்துள்ள கிளேற்றன், நோபிள் பார்க், டண்டினோங் பகுதிகளிலும் நம்மவர் கூடும் இடமெல்லாம் ஒரே கேள்விதான் உலவுகிறது. "பிள்ளைக்கு ஏடார் எவ்வளவு?" ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே நிற்கும்போதும் அதே கேள்வி, பிறந்தநாள் விழாவிலும் அதே கேள்வி, வட்ஸ்அப் குழுக்களில் வாழ்த்துப் படங்களோடு அதே எண்கள். 99.95 என்ற உச்சத்துக்கு எந்தப் பிள்ளை எவ்வளவு அருகில் சென்றது என்பதை ஊரே அறிந்திருக்கிறது. அந்தப் பிள்ளை மார்ச் மாதத்தில் எப்படி இருக்கிறது என்பதை வீட்டார்கூடப் பல வேளைகளில் அறிவதில்லை. இந்தப் பதிவு அந்த மார்ச் மாதத்தைப் பற்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையைப் பல்கலைக்கழக வாசல்வரை கொண்டுவருவதற்கு நாம் பன்னிரண்டு ஆண்டுகளைச் செலவிடுகிறோம். ஆங்கிலத்துக்கு ஒரு ரியூசன், கணிதத்துக்கு ஒரு ரியூசன், தெரிவுப் பள்ளிகளின் நுழைவுப் பரீட்சைக்கு மேலும் ஒரு ரியூசன் என்று உழைத்த பணத்தையும் வார இறுதிகளையும் கொடுக்கிறோம். வாசலைத் தாண்டியபின் வரும் முதற்பருவத்தின் பன்னிரண்டு வாரங்களுக்கோ நாம் எதையும் ஆயத்தம் செய்வதில்லை. "இனி அவன் பார்த்துக்கொள்வான்" என்று விட்டுவிடுகிறோம். நல்ல பிள்ளைகள் பலர் இடறுவது அந்தப் பன்னிரண்டு வாரங்களில்தான். அவர்களிடம் அறிவு குறைந்துபோகவில்லை. அவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. கேட்பதற்கு நாம் பழக்கவும் இல்லை.

பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான வேறுபாட்டைப் பாடத்தின் கடினம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. பள்ளியில் பிள்ளை ஒருநாள் வராவிட்டால் அன்றே பெற்றோரின் தொலைபேசிக்குச் செய்தி வருகிறது. ஒப்படை தாமதித்தால் ஆசிரியர் தேடிவந்து கேட்கிறார். முகம் வாடியிருந்தால் அதைக் கவனிக்கவும் ஒரு பொறுப்பாசிரியர் இருக்கிறார். பல்கலைக்கழகத்தில் பல நூறு பேர் அமரும் விரிவுரை மண்டபத்தில் ஓர் இருக்கை வெறுமையாக இருப்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. விரிவுரையின் பதிவு இணையத்தில் கிடைக்கிறது. நாளை பார்க்கலாம் என்று தோன்றுகிறது. நாளை என்பது அடுத்த வாரமாகிறது. பெறுபேறு மாணவரின் கணக்குக்கு மட்டுமே போகிறது. பெற்றோர் அழைத்துக் கேட்டாலும், பிள்ளையின் ஒப்புதல் இல்லாமல் நிருவாகம் எதையும் சொல்லாது. வயதுவந்த ஒருவரின் தனிப்பட்ட விடயங்களைக் காப்பது அவர்களுடைய கடமை.

நேரக் கணக்கும் நம்மை ஏமாற்றிவிடும். நம் அயலிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகம் ஆறு புள்ளிப் பாடம் ஒன்றுக்குப் பருவத்துக்குக் குறைந்தது 144 மணித்தியால உழைப்பை எதிர்பார்க்கிறது. பன்னிரண்டு வாரங்களால் வகுத்தால் வாரத்துக்கு 12 மணித்தியாலம். முழுநேர மாணவர் எடுக்கும் நான்கு பாடங்களுக்கும் 48 மணித்தியாலம். நேரசூசியில் கண்ணுக்குத் தெரிவது பல கற்கைநெறிகளில் அதில் பாதிகூட இராது. மிகுதியை மாணவர் தாமே ஒதுக்கி, தாமே நிரப்ப வேண்டும். "கிழமையில் மூன்று நாள்தான் வகுப்பு, அம்மா" என்று மகள் சொல்லும்போது தாய் நிம்மதி அடைகிறாள். அவள் பகுதிநேரம் வேலைசெய்யும் கடையில் மேலும் இரண்டு நாள் வேலை கொடுக்கிறார்கள். வகுப்பில்லாத நாள் ஓய்வு நாள் என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். ஆறாம் வாரத்தில் முதல் ஒப்படையின் புள்ளி வரும்போதுதான் அந்த நம்பிக்கை உடைகிறது.

மொனாஷ் என்ற பெயரை நாம் நாள்தோறும் சொல்கிறோம். ஸ்பிரிங்வேலில் புகையிரதம் ஏறி ஹண்டிங்டேலில் இறங்கி, 601ஆம் இலக்கப் பேருந்தைப் பிடித்தால் அந்த வளாகத்துக்குப் போய்விடலாம். 1958இல் சட்டத்தால் நிறுவப்பெற்று 1961இல் முதல் மாணவர்களை ஏற்ற அந்தப் பல்கலைக்கழகம் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த ஜோன் மொனாஷின் இளமைக் கதையை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

அவர் 1865இல் மெல்பேர்ணில், குடியேறிய யூதப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார். தந்தை நாட்டுப்புறத்தில் கடை நடத்தினார். மகனின் படிப்புக்காகத் தாய் பிள்ளைகளோடு மெல்பேர்ணுக்குத் திரும்பினார். நம் குடும்பங்களுக்கு இது அந்நியமான கதை இல்லை. ஸ்கொட்ச் கல்லூரியில் 1881இல் முதன்மை மாணவர் என்ற பெருமையை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார். கணிதத்தில் பரிசும் பெற்றார். இன்றைய பேச்சில் சொன்னால் 'ஏடார் அள்ளிய பிள்ளை'. அடுத்த ஆண்டு மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலாண்டுப் பரீட்சையில் தோற்றார். விரிவுரைகள் சலிப்பூட்டின. பொது நூலகத்தில் மனம்போனபடி வாசித்தார், நாடகங்களைப் பார்த்தார், பாடநூல் ஒதுங்கிக் கிடந்தது. பள்ளியில் அவரைச் சுற்றி இருந்த வேலி திடீரென இல்லாமற்போனபோது, வேலியில்லாத நிலத்தில் எப்படி நடப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் மீண்டார். 1885இல் தாயை இழந்து, படிப்பை இடையில் நிறுத்தி, பிரின்சஸ் பாலத்தின் கட்டுமானத்தில் வேலை பார்த்தார். வேலையோடு படித்து 1891இல் பொறியியற் பட்டம் பெற்றார். 1895இல் கலை, சட்டப் பட்டங்களும் பெற்றார். 1918இல் பிரான்சின் போர்முனையில் அவுஸ்திரேலியப் படைகளுக்குத் தலைமை தாங்கினார். இன்று நூறு டொலர் தாளில் அவர் முகம் இருக்கிறது. அந்தத் தாளைக் கையில் எடுக்கும்போது, முதலாண்டில் தோற்ற ஒரு மாணவனின் முகம் அது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

எல்லாப் பிள்ளைகளும் மொனாஷைப் போல விளையாட்டுப் போக்கில் இடறுவதில்லை. வேறொரு வகையினர் உள்ளனர். அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதலான கவலை. அவர்களுக்கு எடுத்துக்காட்டாக நம் திருஅவை அண்மையில் பெருமைப்படுத்திய ஒருவர் இருக்கிறார். 2025 நவம்பர் 1ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ, புனித ஜோன் ஹென்றி நியூமனைத் திருஅவையின் மறைவல்லுநராக அறிவித்தார். பல்கலைக்கழகம் என்றால் என்ன என்பதைப் பற்றி அவர் எழுதிய நூல் உலகெங்கும் அறியப்பட்டது. அவருடைய சொந்தப் பல்கலைக்கழகப் பரீட்சை எப்படி முடிந்தது என்பது அவ்வளவாக அறியப்படவில்லை.

நியூமன் ஒக்ஸ்போர்டின் திரினிற்றிக் கல்லூரிக்குப் படிக்கச் சென்றபோது அவருக்கு வயது பதினாறு. தந்தை பங்காளராக இருந்த வங்கி அதற்கு முந்திய ஆண்டில் மூடப்பட்டிருந்தது. குடும்பத்தின் நம்பிக்கை மூத்த மகன்மீது இறங்கியது. 1818இல் கல்லூரியின் புலமைப்பரிசிலை வென்றார். பின்னர் இறுதிப் பரீட்சைக்காக மாதக்கணக்கில், நாளின் பெரும்பகுதியையும் புத்தகத்துக்கே கொடுத்துப் படித்தார். 1820இல் பரீட்சை மண்டபத்தில் மனமும் உடலும் ஓய்ந்து நிலைகுலைந்தார். முதல் வகுப்பு எதிர்பார்க்கப்பட்டவருக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பின் கீழ்த்தட்டு. இரண்டே ஆண்டுகளில், 1822இல், ஒக்ஸ்போர்டின் மிக மதிப்புவாய்ந்த ஓரியல் கல்லூரி அவரைத் தன் ஆய்வுறுப்பினராக ஏற்றது. அவருடைய அறிவு அந்த இரண்டு ஆண்டுகளில் புதிதாக முளைத்ததன்று. பரீட்சை நாளிலும் அது அவரிடம் இருந்தது.

மொனாஷ் சுதந்திரத்தில் தடம் மாறியவர். நியூமன் சுமையைத் தனியே சுமந்து களைத்தவர். ஸ்பிரிங்வேல் வீடுகளில் இந்த இரு வகைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு வகையாகவும் தங்கை மறு வகையாகவும் இருப்பதுண்டு. முதலாமவனைப் பார்த்துப் பெற்றோர் ஏசுகிறார்கள். இரண்டாமவளைப் பார்த்து, "பாருங்கள், எங்கள் மகள் கதவைச் சாத்திக்கொண்டு இரவிரவாகப் படிக்கிறாள்" என்று மகிழ்கிறார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் அவள் ஒரே பக்கத்தை நான்காம் முறையாக வாசித்து, புரியாமல் அழுதுகொண்டிருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இருவருக்கும் தேவைப்படுவது ஒன்றுதான்: "எனக்கு இது விளங்கவில்லை" என்று நேரகாலத்தோடு சொல்லக்கூடிய ஒரு நாவும், அதைக் கேட்டு முகம் சுளிக்காத ஒரு செவியும்.

நம் மொழியில் 'கேள்' என்ற வினைக்கு இரு பொருள்கள் உண்டு. செவிகொடு என்பது ஒன்று. வினவு என்பது மற்றொன்று. திருக்குறளின் 42ஆம் அதிகாரத்தின் பெயரே 'கேள்வி'. அறிந்தோர் சொல்வதைச் செவிமடுத்துக் கற்பதை அது போற்றுகிறது. நம் வீடுகள் இந்த முதற்பொருளைப் பிள்ளைகளுக்கு நன்றாகவே கற்பித்திருக்கின்றன. பெரியவர் பேசும்போது குறுக்கிடாதே, ஆசிரியரிடம் எதிர்க்கேள்வி கேட்காதே என்று வளர்த்தோம். அது நல்ல பண்பு. ஆனால் இரண்டாம் பொருளைக் கற்பிக்க மறந்தோம். இருபது பேர் அமர்ந்திருக்கும் சிறு வகுப்பில் நம் பிள்ளை பேசாமல் இருக்கிறது. அதுவே மரியாதை என்று எண்ணுகிறது. வகுப்பை நடத்துபவரோ, இவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எண்ணுகிறார். இல்லையேல் ஆயத்தமின்றி வந்திருக்கிறார் என்று எண்ணுகிறார். மரியாதை என்று நாம் கொடுத்த பண்பை அந்த அறையில் எவரும் மரியாதையாக வாசிப்பதில்லை.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவன் இயேசுவை மூன்று நாள்களின் பின் எருசலேம் ஆலயத்தில் பெற்றோர் காண்கிறார்கள். அவர் போதகர்களின் நடுவே அமர்ந்து அவர்களுக்குச் செவிகொடுக்கிறார். அவர்களிடம் வினாக்களும் தொடுக்கிறார். 'கேள்' என்ற நம் சொல்லின் இரு பொருள்களும் அந்த ஒரு காட்சியில் இருக்கின்றன. வினவியதால் அவர் பணிவு குன்றியவர் ஆகவில்லை. அதன்பின் நாசரேத்துக்குப் போய்ப் பெற்றோருக்குப் பணிந்து வாழ்ந்தார் என்றே நற்செய்தி கூறுகிறது. இன்னொன்றையும் அது மறைக்காமல் கூறுகிறது: மகன் சொன்னது மரியாவுக்கும் யோசேப்புக்கும் விளங்கவில்லை. பிள்ளையின் புதிய உலகம் பெற்றோருக்கு விளங்காமல் இருப்பது குற்றமன்று. அவர்கள் தேடிப் போனார்கள், அதுதான் முக்கியம்.

பெற்றோரே, நீங்கள் ஏன் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை நான் அறிவேன். நாம் விட்டுவந்த மண்ணில் அந்த வாசல் அவ்வளவு ஒடுக்கமாக இருந்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலும், அதைத் தொடர்ந்த மாவட்ட ஒதுக்கீடும், தகுதிபெற்ற எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளை வெளியே நிறுத்தின. பின்னர் போர் வந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கின் சிறு சுடரில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தவர்கள் இன்று இந்த ஊரில் பெற்றோராக இருக்கிறார்கள். உள்ளே போய்விட்டால் போதும் என்பது அன்று வெறும் ஆசையாக இருக்கவில்லை. வாழ்வா சாவா என்ற கணக்காக இருந்தது. அந்தக் கணக்கையே நாம் இங்கேயும் எடுத்து வந்துவிட்டோம்.

ஆனால் அங்கே உள்ளே போனவர்களுக்கு ஒன்று கிடைத்தது. பேராதனையிலோ மொறட்டுவையிலோ யாழ்ப்பாணத்திலோ படித்தவர்களைக் கேளுங்கள். 'குப்பி' என்ற சொல்லைச் சொன்னதும் சிரிப்பார்கள். குப்பி விளக்கின் பெயரால் வழங்கும் அந்த வகுப்பை எந்த நிருவாகமும் நடத்துவதில்லை. பரீட்சைக்கு முன், விளங்கிய மாணவர் விளங்காதவர்களைச் சுற்றி இருத்திச் சொல்லிக்கொடுப்பது அது. மூத்த மாணவர் இளையோருக்கும் குப்பி எடுப்பார். தமிழில் பள்ளிப்படிப்பை முடித்து, ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டுத் திகைத்தவர்களை எத்தனையோ குப்பிகள் கரை சேர்த்தன. அங்கே பகிடிவதை என்ற கொடுமையும் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆயினும் விடுதி இருந்தது, ஒன்றாகப் படிக்கும் கூட்டம் இருந்தது, "மச்சான், எனக்கு இது விளங்கவில்லை" என்று கூச்சமின்றிச் சொல்ல ஓர் இடம் இருந்தது.

இங்கே நிலைமை தலைகீழ். வாசல் விரிவானது. உள்ளே போன பிள்ளையோ தனியாள். ஸ்பிரிங்வேலில் இருந்து காலையில் போகிறது. மாலையில் வேலைக்குப் போகிறது. இரவில் வீட்டுக்கு வருகிறது. மெட்ரோ சுரங்கப்பாதை திறந்தபின் மெல்பேர்ண் பல்கலைக்கழகம் இருக்கும் பார்க்விலுக்கும் ஒரே புகையிரதத்தில் போய்விடலாம். பயணம் எளிதாகிவிட்டது, அந்தப் பயணத்தில் பக்கத்தில் இருந்து பேச ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வாசலைப் பற்றிய அச்சத்தை ஊரிலிருந்து கவனமாக எடுத்து வந்தோம். குப்பியை எடுத்துவர மறந்தோம்.

இனி, ஒவ்வொரு வீடும் அறிந்திருக்க வேண்டிய ஒரு நாளைச் சொல்கிறேன். பல்கலைக்கழகங்களில் 'சென்சஸ் நாள்' என்று ஒன்று உண்டு. மொனாஷிலும் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்திலும் முதலாம் பருவத்துக்கு அது வழக்கமாக மார்ச் 31. அந்த நாளுக்கு முன் ஒரு பாடத்திலிருந்து முறைப்படி விலகினால் அந்தப் பாடத்துக்கான ஹெக்ஸ் கடன் ஏறாது. தோல்விப் பதிவும் விழாது. அந்த நாள் கடந்துவிட்டால், பின்னர் விலகினாலும் கடன் நிற்கும். நான்கு பாடங்களை மூன்றாகக் குறைப்பதும், பொருந்தாத கற்கைநெறியை மாற்ற ஆலோசனை கேட்பதும் இந்த நாளுக்கு முன் எளிது. மாணவர் விசாவில் வந்தோரும், அரசின் இளையோர் கொடுப்பனவு பெறுவோரும் பாடத்தைக் குறைக்கும் முன் உரிய அலுவலகத்தில் கட்டாயம் கேட்டறிய வேண்டும். அவர்களுக்கு வேறு விதிகள் உள்ளன. மார்ச் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு உணவுமேசையில் இதைப் பேசுவதற்கு ஏற்ற நாள். ஏப்பிரலில் பேசினால் பேச்சு மட்டுமே மிஞ்சும்.

அரசும் இதைப்பற்றிச் சிந்தித்திருக்கிறது. எட்டுப் பாடங்களோ அதற்கு மேலோ எடுத்த மாணவர் அவற்றில் பாதிக்கு மேல் தோற்றால் அரசின் கட்டண உதவியை இழப்பார் என்றொரு விதி 2022இல் நடைமுறைக்கு வந்தது. தண்டித்தால் திருந்துவார்கள் என்பது அதன் நினைப்பு. பல்கலைக்கழகங்களை மீளாய்வு செய்த குழுவின் பரிந்துரையை ஏற்று, 2024 தொடக்கத்தில் அந்த விதி நீக்கப்பட்டது. அதன் இடத்தில், தடுமாறும் மாணவரை முன்கூட்டியே கண்டறிந்து உதவும் திட்டம் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இருக்க வேண்டும் என்ற கடமை வந்தது. தண்டனையை விட்டு உதவியின் பக்கம் சட்டமே திரும்பிவிட்டது. நம் வீடுகளும் திரும்ப வேண்டாமா?

"பதினெட்டு வயதானவர்கள். விழுந்து எழும்பித்தான் பழக வேண்டும். எல்லாவற்றுக்கும் கைபிடித்துக் கொண்டிருந்தால் எப்போது வளர்வார்கள்?" என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிள்ளையின் ஒப்படையைத் தாயோ தந்தையோ எழுதிக் கொடுப்பதும், விரிவுரையாளருக்குப் பிள்ளையின் பெயரில் மின்னஞ்சல் அனுப்புவதும் தவறு. ஆனால் கேட்கப் பழகிய பிள்ளையைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. அது தன் வழியைத் தானே விசாரித்துப் போகும். கேட்கப் பழகாத பிள்ளையைத் தனியே விடுவதைச் சுதந்திரம் என்று நாம் சொல்கிறோம். அந்தப் பிள்ளைக்கு அது கைவிடப்பட்டதாகவே தோன்றும்.

கேட்பது இழிவு என்று எண்ணுபவர்கள் இந்த ஊரின் வரலாற்றையும் நினைக்க வேண்டும். 1970 முதல் 1992 வரை ஸ்பிரிங்வேலில் என்டர்பிரைஸ் என்ற பெயரில் குடியேறுவோருக்கான விடுதி இயங்கியது. வியற்நாமில் இருந்தும் கம்போடியாவில் இருந்தும் போருக்குத் தப்பி வந்தவர்கள் அங்கேதான் முதல் இரவுகளைக் கழித்தார்கள். வேலை எங்கே, வைத்தியர் எங்கே, பிள்ளைக்குப் பள்ளி எங்கே என்று தெரியாத மொழியில், தெரியாத மனிதரிடம் கேட்டார்கள். இன்று நாம் கறிவேப்பிலையும் மீனும் வாங்கும் இந்தச் சந்தை வீதிகள் அப்படிக் கேட்டவர்களால் உயிர்பெற்றவை.

ஆகவே பெற்றோரே, உங்களிடம் என் வேண்டுகோள் இது. "எத்தனை புள்ளி?" என்ற கேள்வியை முதற்பருவம் முடியும்வரை ஒத்திவையுங்கள். அதற்குப் பதிலாக, "இந்தக் கிழமை எது விளங்கவில்லை? யாரிடம் கேட்டாய்?" என்று கேளுங்கள். "ஒன்றும் விளங்கவில்லை, அப்பா" என்று பிள்ளை சொன்னால், "உன்னைப் படிப்பிக்க நாங்கள் பட்ட பாடு தெரியுமா?" என்று தொடங்காதீர்கள். அந்த ஒரு வசனம் பிள்ளையின் வாயை மூன்று ஆண்டுகளுக்கு மூடிவிடும். வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நூலகத்திலும் கடைத்தொகுதியிலும் பொழுதைக் கழித்துத் திரும்பும் பிள்ளை, ஏமாற்றுவதில் இன்பம் காண்பதால் அப்படிச் செய்வதில்லை. உங்கள் முகத்தில் விழும் ஏமாற்றத்தைப் பார்க்க அஞ்சுகிறது.

பிள்ளைகளே, உங்களிடமும் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, தொடக்க இரண்டு வாரங்களுக்குள் ஒவ்வொரு பாடத்திலும் ஒரு மாணவரின் பெயரையாவது அறிந்து, தொலைபேசி இலக்கத்தை வாங்குங்கள். இரண்டாவது, விரிவுரையாளரும் வகுப்பு நடத்துபவரும் மாணவரைச் சந்திக்கவென்றே நேரம் ஒதுக்கியிருப்பார்கள். நான்காம் வாரம் முடிவதற்குள் ஒரு தடவை அங்கே போய், ஆயத்தம் செய்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். முதற்கேள்விதான் கடினம். மூன்றாவது, கல்வித்திறன் உதவியாளர், உளவள ஆலோசகர், நோய் அல்லது துயரத்தின்போது ஒப்படைக் காலத்தை நீட்டித் தரும் ஏற்பாடு ஆகியவை உங்கள் பல்கலைக்கழகத்தில் எங்கே உள்ளன என்பதை, தேவை வருமுன்பே அறிந்து வையுங்கள். மனம் இருண்டுபோகும் நாளில் தேடத் தெம்பு இருக்காது. அப்படி ஒரு நாள் வந்தால், யாரிடமாவது சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள். நான் புள்ளிகளைப் பற்றிக் கேட்க மாட்டேன்.

நம் பங்குச் சமூகத்துக்கும் ஒரு பணி இருக்கிறது. டிசம்பரில் ஏடார் எண்களைக் கொண்டாடும் நாம், மார்ச்சில் ஒரு குப்பியைத் தொடங்குவோம். இரண்டாம், மூன்றாம் ஆண்டில் படிக்கும் நம் இளையோர், ஞாயிறு திருப்பலியின் பின் ஒரு மணித்தியாலம் முதலாண்டு மாணவரோடு அமரட்டும். பொறியியல் படிப்பவர் பொறியியல் மாணவரோடும், தாதியியல் படிப்பவர் தாதியியல் மாணவரோடும் பேசட்டும். இடம் தேவையென்றால் மண்டபம் இருக்கிறது. ஸ்பிரிங்வேல் சமூக மையத்தில் நூலகமும் இருக்கிறது. தேநீரும் வடையும் தருவதற்குத் தாய்மார் இருக்கிறார்கள். எந்தச் சமயத்துப் பிள்ளையும் வரலாம். தாம் முதற்பருவத்தில் எதில் தடுமாறினோம் என்று மூத்த மாணவர் ஒருவர் வெளிப்படையாகச் சொன்னால், அங்கே அமர்ந்திருக்கும் பத்துப் பேரின் தோள்களிலிருந்து சுமை இறங்கும்.

இறுதியாக, வேறு சில பிள்ளைகளையும் நினைவூட்ட வேண்டும். இதே பள்ளிகளில், இதே மேசைகளில் படித்து, இதே டிசம்பரில் நல்ல பெறுபேறு பெற்றவர்களுள் பிரிட்ஜிங் விசாவில் வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2012, 2013 காலத்தில் படகில் வந்து, தற்காலிகப் பாதுகாப்பு விசா பெற்றிருந்தோருக்கு நிரந்தர வதிவிடத்துக்கான வழி 2023 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு ஹெக்ஸ் கடன் கிடையாது. உதவித்தொகை கிடைக்காவிட்டால் வெளிநாட்டு மாணவருக்கான முழுக்கட்டணம் கட்ட வேண்டும். ஏடார் எவ்வளவு என்று நாம் கேட்கும்போது அந்தப் பிள்ளை எண்ணைச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நிற்கிறது. சில பல்கலைக்கழகங்கள் புகலிடம் கோருவோருக்கென உதவித்தொகைகளை வைத்திருக்கின்றன. அவற்றைத் தேடவும், விண்ணப்பிக்கவும், பரிந்துரைக் கடிதம் எழுதவும் நம்மில் கற்றவர்கள் துணைநிற்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரிடம் அவர்களுக்காகக் குரல்கொடுக்கவும் வேண்டும். தனக்காகக் கேட்கப் பழகும் பிள்ளை, கேட்க இயலாத பிள்ளைக்காகவும் கேட்கப் பழகினால், நாம் கொடுத்த கல்வி வீண்போகவில்லை என்று சொல்வேன்.

இன்னும் சில நாள்களில் விரிவுரைகள் தொடங்குகின்றன. இந்தப் பதிவை வாசிக்கும் தந்தையோ தாயோ இன்றிரவு பிள்ளையின் அறைக் கதவைத் தட்டி, "சென்சஸ் நாள் என்று ஒன்று இருக்கிறதாம், அது என்ன, எனக்கும் ஒருக்கால் சொல்லித் தாவன்" என்று கேளுங்கள். தெரியாததைக் கேட்பது எப்படி என்பதை உங்களைப் பார்த்தே பிள்ளை கற்றுக்கொள்ளும்.

புகுமுக மாணவர் அனைவரையும் இறைவன் காத்து வழிநடத்துவாராக.

அன்புடனும் செபத்துடனும்,
உங்கள் அருட்தந்தை